பறவைகளின் பாதையைத் தேடிய கலாநிதி சலீம் அலி

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் வேளையில் எமது நாட்டின் குளக்கரைகளும் களப்புகளும் மெல்ல வெறிச்சோடத் தொடங்குகின்றன. முந்திய ஆண்டின் இறுதியில் வந்து இறங்கிய தாராக்களும் கரையோரப் பறவைகளும் வடக்கு நோக்கித் திரும்பிவிடுகின்றன. வீட்டுத் தோட்டங்களிலும் நகரப் பூங்காக்களிலும் காலை மாலை வேளைகளில் குரல் கொடுத்துவந்த ஆறுமணிக் குருவியும் இந்தியாவிலுள்ள தனது இனப்பெருக்க நிலங்களுக்குப் புறப்பட்டுவிடுகின்றது. இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே திரும்பிச் செல்கின்றன என்பதைத் தென்னாசிய மக்கள் இன்று ஓரளவேனும் அறிந்திருக்கின்றார்கள் எனில், அதற்குப் பெரிதும் உழைத்தவர் பறவையியலாளர் கலாநிதி சலீம் அலி ஆவார்.

1896 நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில் ஒரு சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் சலீம் அலி பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியே வளர்த்தெடுத்தார். மாமா வேட்டையில் நாட்டமுள்ளவர். அவர் கொடுத்த காற்றுத் துப்பாக்கியினால் ஒருநாள் சிறுவன் சலீம் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் கழுத்திலே மஞ்சள் நிறத் திட்டொன்று காணப்பட்டது. இத்தகைய பறவையை முஸ்லிம்கள் உண்ணலாமா என்ற ஐயத்துடன் அவன் மாமாவிடம் சென்றான். பறவையை இனங்காண முடியாத மாமா, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராக இருந்த மில்லார்ட்டிடம் அவனை அனுப்பிவைத்தார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று விளக்கிய மில்லார்ட், சங்கத்திலே பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். ஒரு மார்க்க ஐயம் அறிவுத் தேடலின் வாயிலாக அமைந்தமை குறிப்பிடத்தக்கதாகும்.

எனினும் அவரது பாதை இலகுவானதாக இருக்கவில்லை. இளவயதில் பர்மாவுக்குச் சென்று குடும்பத்தினரின் சுரங்க, மரத் தொழில்களைக் கவனித்தார். பம்பாய் திரும்பிய பின்னர் வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்றதோடு, சென் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918 இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். 1926 இல் பம்பாய் அரும்பொருட்சாலையில் விளக்கவுரையாளர் பதவி கிடைத்தது. 1928 இல் விடுப்பில் ஜேர்மனிக்குச் சென்று, பேர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரேஸ்மானிடம் பறவையியல் கற்றார். பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறையையும் ஹெலிகோலாந்துத் தீவில் அறிந்துகொண்டார். 1930 இல் தாயகம் திரும்பியபோது, நிதியில்லை என்ற காரணத்தால் அவரது பதவியே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த அவரும் மனைவியும் பம்பாய்க்கு அருகிலுள்ள கீஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் குடியேறினர். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை அவர் பொறுமையுடன் அவதானித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துகின்றது. பெண் குருவி வந்து பரிசோதித்து, ஏற்றுக்கொண்ட பின்னரே அது கூட்டை நிறைவு செய்கின்றது. பின்னர் மற்றுமொரு கூட்டைக் கட்டி மற்றுமொரு துணையைத் தேடுகின்றது. இவ்வாய்வு அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அதனைத் தொடர்ந்து ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை, ஊதியம் பெறாது செலவுத் தொகையை மாத்திரம் பெற்றுக்கொண்டு ஆய்வு செய்தார். அப்பயணங்களில் உடன் அலைந்த தெஹ்மினா 1939 இல் சத்திரசிகிச்சையொன்றின் பின்னர் காலமானார். அத்துயரின் பின்னரும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1941 இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் சாதாரண மக்களையும் பறவைகளை நோக்க வைத்தது. அமெரிக்க அறிஞர் டிலன் ரிப்லியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை அவர் வெளியிட்ட 10 தொகுதிகளைக் கொண்ட கைந்நூல் இலங்கைப் பறவைகளையும் உள்ளடக்கியதாகும்.

அவரது வாழ்வில் பரத்பூர் சதுப்பு நிலத்துக்குத் தனியிடம் உண்டு. ராஜஸ்தானிலுள்ள அந்நிலம் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 ஆம் திகதி, சலீம் அலிக்கு 42 வயது நிறைந்த அதே நாளில், வைஸ்ரோய் லின்லித்கோ பிரபுவுக்காக நடத்தப்பட்ட வேட்டையில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சுதந்திரத்தின் பின்னர் அந்நீரை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதனைத் தடுத்தார். இன்று அது கேவலாதேவ் தேசியப் பூங்காவாகவும் 1985 முதல் உலக மரபுரிமைத் தலமாகவும் விளங்குகின்றது.

வலசைப் பறவைகளின் பாதையைக் கண்டறிய அவர் கைக்கொண்ட கருவி ஒரு சிறிய உலோக வளையமேயாகும். 1957 இல் கர்நாடகக் காடுகளில் கியாசனூர் காய்ச்சல் பரவியபோது, வடக்கிலிருந்து வரும் பறவைகள் நோய் காவும் உண்ணிகளைக் கொண்டுவந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டது. அதன் விளைவாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவி கிட்டியது. பரத்பூர் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இலக்கமிட்ட வளையங்கள் அணிவிக்கப்பட்டன. அவ்வாறு விடுவிக்கப்பட்டவற்றுட் சில சோவியத் ஒன்றிய நிலங்களில் மீண்டும் அகப்பட்டபோது, நெடுங்காலம் ஊகமாக இருந்தது உறுதியான செய்தியாயிற்று. பின்னாளில் பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள கோடியக்கரையிலும் சங்கம் இப்பணியை மேற்கொண்டது. எமது நாடோ மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனையில் அமைந்துள்ளது.

பெரியோரின் வாழ்வில் குறைகளையும் மறைத்தல் ஆகாது. பரத்பூரில் கால்நடைகள் மேய்வதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவரும் சங்கத்தினரும் கொண்டிருந்த நிலைப்பாடாகும். 1982 இல் தடை நடைமுறைக்கு வந்தபோது கிராமத்தவர்களுக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல் ஏற்பட்டு உயிர்கள் பலியாகின. ஆனால் எருமைகள் மேயாதமையால் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்புக் குறைந்து பறவைகளே பாதிக்கப்பட்டன என்பதைப் பின்னர் அதே சங்கத்தின் நீண்டகால ஆய்வு வெளிப்படுத்தியது. சூழவுள்ள மக்களைப் பகைத்துக்கொண்டு ஒரு நிலத்தைக் காக்க முடியாது என்பது இதனால் பெறப்படும் படிப்பினையாகும்.

மற்றுமொரு படிப்பினை சைபீரியக் கொக்குகளினால் கிடைத்தது. பரத்பூர் நீர்நிலை காக்கப்பட்டிருந்தும், ஆண்டுதோறும் அங்கு வந்த அக்கொக்குகள் குறைந்துகொண்டே சென்றன. 2002 இல் காணப்பட்ட ஒரு சோடியே இறுதியானது. அவை கடந்து வந்த நீண்ட வழியில் வேட்டையும் நீர்நிலைகளின் அழிவும் தொடர்ந்தன. வலசைப் பறவைக்குப் பாதை முழுவதுமே வீடு; அதில் ஓரிடம் அழிந்தாலும் பயணம் தடைப்பட்டுவிடும். வளையமிடல் மூலம் சலீம் அலி தேடித் தந்த அறிவின் சாரமும் இதுவேயாகும்.

பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளைப் பெற்ற அவர் 1985 இல் ராஜ்யசபாவின் நியமன உறுப்பினரானார். 1987 ஜூன் 20 ஆம் திகதி தமது 90 ஆவது வயதில் காலமானார். கோயம்புத்தூருக்கு அருகே அமைந்துள்ள பறவையியல் ஆய்வு நிலையம் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எமது நாட்டிலும் புந்தல 1990 இலும் மன்னார் வங்காலை 2010 இலும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பெயர்ப்பலகை மாத்திரம் பறவைகளைக் காப்பதில்லை. குப்பையும் மண்ணும் கொட்டி ஊர்க்குளங்களையும் கண்டல் நிலங்களையும் நிரப்பும் வழக்கம் நிறுத்தப்படல் வேண்டும். ஆண்டுதோறும் பறவைகள் வரும் நாளையும் புறப்படும் நாளையும் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஏற்படுத்துவது ஆசிரியர்களின் கடமையாகும். அதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் சிறிது பொறுமையும் போதுமானவை. இவ்வாண்டு எமது குளத்திலிருந்து புறப்பட்டுச் செல்லும் பறவை அடுத்த ஆண்டு திரும்பி வரும்போது, இறங்குவதற்கு அக்குளம் அங்கே இருக்க வேண்டும்.