குகையிலே பொழுதைத் தேடியவர்

அஜக்ஸில் இரவு வேலை முடித்துப் பனியினூடே வீடு திரும்பி, திரைச்சீலையை இழுத்து மூடிப் பகலை இரவாக்கிக்கொள்வோர் நம்மவரிற் பலர். உடலோ எளிதில் ஏமாறுவதில்லை. அதனுள் ஓடும் கடிகாரத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் (1937–2009).

ஜேர்மனியின் டியூபிங்கன் நகரில் எங்கெல்மானுடன் இணைந்து பழ ஈக்களை ஆராய்ந்த அவர், எழுபதுகளில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஐரோப்பிய ஆய்வுகூட வசதிகளை அங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் அருகே குகைகள் இருந்தன. அவற்றில் வௌவால்கள் இருந்தன.

மாரிமுத்து, ராஜன் ஆகியோருடன் 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. ஒளி புகாத குகையிற் கூண்டில் அடைபட்ட வௌவால், அந்திதோறும் வெளியேறி மீளும் தன் கூட்டத்தின் நேரத்தையே தானும் பின்பற்றியது. கூட்டமில்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டதோ, 24 மணி நேர ஒழுங்கிலிருந்து நாளுக்கு நாள் விலகிச் சென்றது. விரிவுரை மண்டபத்தில் நின்ற காலமாயின், இதனை நாம் நல்லதொரு பரிசோதனையென்று மட்டும் சொல்லிக் கடந்திருப்போம்.

பின்னர் மனிதரையும் அவர் ஆராய்ந்தார். தாமாக முன்வந்தோர், கடிகாரமோ சூரிய ஒளியோ இல்லாத அறையிற் பல நாள்கள் தனித்திருந்தனர். வெளியே பகலா இரவா என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.