முகவரின் சொந்தப் பட்டறை

ஆடித்தபசுத் திருவிழாவையொட்டிச் சங்கரன்கோவில் வீதிகள் நிறைந்திருந்த ஒரு மாலையில், என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெரிய நிறுவனம் ஒன்றின் பார்சல் சேவைக்கு, பிரான்சைஸ் எனப்படும் முகவர் உரிமையை வைப்புத்தொகை கட்டிப் பெற்றவர் அவர். இவ்வூரின் விசைத்தறித் துணிகளை வெளியூர்களுக்கு அனுப்பியே பிழைக்கிறார்.

அந்நிறுவனம் தன் மென்பொருளை முன்னறிவிப்பின்றி மாற்றிவிட்டது. புதியது அவருடைய பழைய கணினியில் இயங்கவில்லை. இரண்டு நாள்கள் கடை திறந்திருந்தும் ஒரு பார்சலைக்கூடப் பதிய முடியவில்லை. உதவி எண்ணில் பதிவு செய்யப்பட்ட குரல் மட்டுமே ஒலித்தது. வாடிக்கையாளர்களின் விவரங்களும் நிறுவனத்தின் கணினியில்தான் இருந்தன. கடையை விட்டுவிடலாமா என்று கேட்டார். பொருளாதாரக் கோட்பாடு எதையும் அவரிடம் நான் பேசவில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையைச் சொன்னேன்.

அவர் 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அந்த ஊரின் பெயரே அவர் பெயரின் முதலெழுத்து. 2019-இல் தென்காசி மாவட்டம் பிரியும் வரை அவ்வூரும் சங்கரன்கோவிலும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. வழக்குரைஞராகத் தொடங்கி, ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றிய அவர், மாதச் சம்பளத்தின் பாதுகாப்பைத் துறந்து 1911-இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே பேருந்துத் தொழிலில் இறங்கினார். மாட்டு வண்டிகளே நிறைந்திருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு.

வண்டியை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாம். சாலையை வாங்க முடியாதே! மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் பேருந்துச் சக்கரங்களைப் பதம் பார்த்தன. வண்டியில் காந்தத்தைப் பொருத்தி அந்த ஆணிகளைச் சாலையிலிருந்தே அகற்றச் செய்தார் என்பது இன்றும் மதுரைப் பக்கத்தில் சொல்லப்படும் செய்தி. அவருடைய பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டார்கள் என்றும் சொல்வார்கள்.

பின்னர், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களை விற்கும் முகவரானார். முகவர் என்பவர் பிறருடைய பொருளை, பிறர் வகுத்த விதியின்படி விற்பவர். ஆயினும் அவர் விற்பனையோடு நின்றுவிடவில்லை. பழுது பார்ப்பதையும் உதிரி பாகங்களையும் தம் தொழிலின் அங்கமாக்கினார். விற்ற வண்டி வழியில் நின்றால் வாடிக்கையாளர் அமெரிக்காவைத் தேடிப் போகமாட்டார். விற்றவரிடம்தான் வருவார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாம் உலகப் போர் அந்த அறிவைச் சோதித்தது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1942-இல் மலேயா ஜப்பானியர் வசமானதும் ரப்பரும் அரிதானது. வண்டிகளைத் தந்த நிறுவனத்தால் இதற்கு ஒன்றும் செய்ய இயலாது. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்கு மாற்றாக எரிவாயுவில் வண்டியை இயக்கும் கருவியை உருவாக்கினார். தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையையும் நிறுவினார்.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் வாகனங்களைப் பொருத்தும் பணியை 1954-இல் கைவிட்டது. மறு ஆண்டு, 1955-இல், சுந்தரம் ஐயங்கார் மறைந்தார். உரிமையை மட்டும் நம்பிய நிறுவனமாக இருந்திருந்தால் அதன் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், 1960-களில் அவருடைய வாரிசுகள் பிரேக், சக்கரம், வாகன மின்கருவி ஆகியவற்றுக்கான தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். முகவராக இருந்தபோது சேர்த்த தொழில்நுட்ப அறிவு, உரிமை போன பின்பும் நிலைத்தது.

என் மாணவர் சற்று யோசித்துவிட்டு, பெட்டியைத் திறந்தால் எஞ்சினைப் பார்க்கலாம், மென்பொருளை எப்படித் திறப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுந்தரம் ஐயங்காரின் மூலதனமும் அவரிடம் இல்லை. முழு விடை என்னிடமும் இல்லை. ஆனாலும், சிலவற்றை அவரே செய்துகொள்ள முடியும். வாடிக்கையாளர் கணக்கை அவர்கள் ஒப்புதலோடு தனியே எழுதி வைக்கலாம். இரண்டாவது இணைய இணைப்பும் மின்தடைக்கு இன்வெர்ட்டரும் செலவல்ல, காப்பீடு. கணினியைப் பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை, பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து அமர்த்திக்கொள்ளலாம்.

மற்றவை தனி மனிதரால் ஆகாதவை. முகவர் உரிமைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமே வழிகாட்டுகிறது. நிறுவனம் எழுதித் தரும் ஒப்பந்தத்தில் சிறு முகவர் கையொப்பம் மட்டுமே இடுகிறார். மென்பொருளை மாற்றும் முன் உரிய கால அவகாசம், பயிற்சி, நிறுவனத்தின் கோளாறால் தொழில் முடங்கினால் இழப்பீடு, உரிமை முடியும்போது தம் கணக்கின் நகல் ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். வணிகர் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். அரசு இதற்குச் சட்ட வடிவம் தர வேண்டும்.

என் மாணவர் கடையை விடவில்லை. புதிய கணினிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். கூடவே ஒரு கனத்த கணக்கு நோட்டும் வாங்கியதாகச் சொன்னார். பெயர்ப்பலகை நிறுவனத்துடையதாக இருக்கட்டும். அந்த நோட்டு அவருடையது.