திரைக்குப் பின்னால் படித்த மாணவி



உங்கள் வகுப்பறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மாணவர்கள், ஒரு பக்கம் மாணவிகள். ஆசிரியர் கேள்வி கேட்டால் யார் முதலில் கை தூக்குவது என்று போட்டி!

120 ஆண்டுகளுக்கு முன்பு, புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி வகுப்பு எப்படி இருந்தது தெரியுமா? அறை நிறைய மாணவர்கள். மாணவி ஒரே ஒருவர்தான். அவர் மற்றவர் கண்ணில் படாதபடி குறுக்கே ஒரு திரை கட்டியிருந்தார்கள். மூடிய குதிரை வண்டியில் வருவார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்பார். மறுபடி வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்.

அந்த மாணவிதான் பின்னாளில் நாடு போற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பிறப்பும் படிப்பும்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். நம் பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்தன. அதை ஒட்டித் தனி மன்னராட்சியாக இருந்தது புதுக்கோட்டை சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயில்களில் ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்துக்காக உறவினர்கள் நாராயணசாமியை ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கி வைக்கப்படுவது எவ்வளவு வலிக்கும் என்பதை முத்துலட்சுமி சின்ன வயதிலேயே தன் வீட்டில் பார்த்துவிட்டார்.

அக்காலத்தில் பெண் குழந்தைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே திருமணம் செய்துவிடுவார்கள். முத்துலட்சுமியின் தாய்க்கும் அந்தக் கவலை இருந்தது. முத்துலட்சுமிக்கோ படிப்பின் மீதுதான் ஆசை. அவருக்குக் கிட்டப்பார்வை; உடல் நலமும் அடிக்கடி கெடும். ஆனாலும் புத்தகத்தை விடவில்லை. தந்தை அவருக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்விலும் தேறினார்.

அடுத்து கல்லூரி. அங்கேதான் சிக்கல்! மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள். ஒரு பெண்ணை, அதுவும் இந்தத் தாயின் மகளைச் சேர்க்கக் கூடாது என்று பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1904-இல் முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். அப்படி வந்ததுதான் அந்தத் திரை.

திரை கண்ணை மறைத்தது. காதை மறைக்க முடியுமா? பாடத்தைக் கேட்டுக் கேட்டே அவர் தேர்ச்சி பெற்றார்.

டாக்டர் ஆனார்

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நிலைமை எளிதாக இல்லை. அறுவை சிகிச்சைப் பாடம் நடத்திய ஆங்கிலேயப் பேராசிரியருக்குத் தம் வகுப்பில் பெண்கள் உட்காருவது பிடிக்காது. முத்துலட்சுமி வாதாடவில்லை. அதே அறுவை சிகிச்சைப் பாடத்தில் முதலிடம் பெற்றுக் காட்டினார்! அதன் பிறகு பெண்களுக்கு அந்த வகுப்பின் கதவு திறந்தது.

1912-இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று மருத்துவப் பட்டம் வாங்கினார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஓர் உறுதி கேட்டார். சுந்தர ரெட்டியும் உறுதி கொடுத்தார். கடைசி வரை காப்பாற்றினார்.

சட்டசபையில் ஒரு பெண் குரல்

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி மேற்படிப்புப் படிக்க இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் கலந்துகொண்டார். தாயகம் திரும்பியதும் ஒரு புதிய பொறுப்பு காத்திருந்தது. சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவரை நியமித்தார்கள். வைத்தியத் தொழில் கெட்டுப்போகுமே என்று முதலில் தயங்கினார். பெண்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லையே என்று எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்மணி அவர்தான். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டசபையில் அவர் போராடியது பெரிய விஷயத்துக்காக. அந்தக் காலத்தில் சில குடும்பங்களில் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவார்கள். சாமி பெயரால் பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெண் மற்றவர்களைப் போல் திருமணம் செய்துகொள்ள முடியாது. பணக்காரர்களை அண்டி வாழ வேண்டிய நிலை. ஊரும் அவர்களை இழிவாகப் பேசும். விவரம் தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்துவிடுவது என்ன நியாயம்?

இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று முத்துலட்சுமி தீர்மானம் கொண்டு வந்தார். எதிர்ப்புப் பலமாக இருந்தது. பழைய சம்பிரதாயத்தில் கை வைக்கக் கூடாது என்றனர் சிலர். ஆடலும் பாடலும் அழிந்துவிடும் என்றனர் சிலர். அந்தச் சமூகப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். கோயில் பணிக்காக அவர்களுக்கு மானிய நிலம் இருந்தது; அது போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானதுதானே? எனவே, கோயில் பணி செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்பதற்கு 1929-இல் சட்டத் திருத்தம் வந்தது.

இதே நோக்கத்துக்காக, அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார். கடைசியில் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 20 ஆண்டுகள்! நல்ல காரியத்துக்குப் பொறுமையும் வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா?

குழந்தைத் திருமணத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 ஆக்கியது. இன்று அது 18.

கதவைத் தட்டிய மூன்று சிறுமிகள்

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, அதைக் கண்டித்துத் தம் சட்டசபைப் பதவியைத் தூக்கி எறிந்தார் முத்துலட்சுமி.

அந்தக் காலத்தில்தான் பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த மூன்று சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க வேண்டும், அடைக்கலம் வேண்டும். பிறந்த குலத்தைக் காரணம் காட்டி விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. சட்டம் வரும் வரை அந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்க முடியுமா? தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். தமிழ்ப் பாட்டி ஒளவையின் பெயரை அதற்கு வைத்தார். சாதி பார்க்காமல், ஆதரவற்ற பெண் குழந்தைகள் யார் வந்தாலும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அது அடையாறுக்கு மாறி, பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது.

புற்றுநோய் மருத்துவமனை

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று உறுதி கொண்டார். வீடு வீடாக நன்கொடை திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-இல் வெறும் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்தார்கள்.

1956-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அவர் காலமானார்.

நம் ஊரில் அவர்

சென்னையில் வாழ்ந்தவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? பெரம்பலூர் பக்கம் பருத்தி எடுக்கவும் சின்ன வெங்காயம் பிடுங்கவும் போகிற அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். அரியலூர் பக்கம் முந்திரிக் காட்டில் வேலை செய்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். கூலி வேலைக்குப் போகிற பெண், பிள்ளை பெறும் நேரத்தில் வேலைக்குப் போக முடியாது, கூலியும் கிடைக்காது. அப்போது சத்தான உணவுக்கு உதவ, தமிழக அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அது மூவலூர் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. அதே 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அங்கே மாணவிகளும் மாணவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். நடுவில் திரை இல்லை!

செல்வங்களே, துணித் திரை போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத திரைகள் இன்னும் சில இருக்கின்றன. உங்கள் வகுப்பில் சாதியாலோ, ஏழ்மையாலோ, உடல் குறையாலோ யாராவது தனியாக உட்காருகிறாரா? நாளைக்கு மதியச் சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களோடு படிக்கும் தோழிக்குப் படிப்பை நிறுத்திவிட்டுத் திருமணம் செய்ய ஏற்பாடு நடக்கிறதா? உடனே உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அல்லது 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. உங்கள் பெயரையும் வெளியில் சொல்ல மாட்டார்கள்.