மூளை மருத்துவச் சங்கத்தின் இளைய செயலாளர்

தலை நரைத்த பிறகே சங்கப் பதவி கிட்டும் என்பது மருத்துவ உலகில் ஊறிப்போன எண்ணம். இங்கே புனேயில் அறுவை மருத்துவம் பயிலும் நம் தமிழ் நண்பர்களும் மாநாட்டுக்குப் பெயர் கொடுப்பதோடு தங்கள் பங்கு முடிந்தது என்றே கருதுகின்றனர். அவர்கள் பொருட்டே டாக்டர் பி. இராமமூர்த்தியின் வரலாற்றை எழுதப் புகுந்தேன்.

அவர் சீர்காழியில் 1922-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் பெற்றார். (அந்த எடின்பரோவில் மாணவர்களே நிர்வகிக்கும் மருத்துவச் சங்கம் ஒன்று 1737 முதல் இருந்து வருகிறது என்பதை நம் நண்பர்கள் கவனிப்பாராக!) பின்னர் நியூகாசில் நகரில் ரோபாதம் என்ற நிபுணரிடம் மூளை அறுவை கற்றார். 1950-இல் தாயகம் திரும்பிச் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அப்பிரிவைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அந்நாளைய மூளை அறுவை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். சி.டி. ஸ்கேன் என்பது 1970-களில் வந்த பொருள். அன்றோ, மண்டையில் துளையிட்டு மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பர். அறைகள் எப்பக்கம் ஒதுங்கியுள்ளன என்பதைக் கொண்டு கட்டியின் இடத்தை ஊகிப்பர். ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது? வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறையைத் தொடங்கியதும் 1949-இல்தான்.

ஆகவே 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கம் பிறந்தது. நிறுவியவர்கள் நால்வரே: சாண்டி, இராமமூர்த்தி, நரம்பு மருத்துவர் பல்தேவ் சிங், மூளை மின்னலைப் பதிவில் வல்லவரான எஸ். டி. நரசிம்மன். நால்வருக்கு ஒரு சங்கமா என்று நகைத்தவரும் இருந்திருக்கலாம்! சாண்டி தலைவரானார், செயலாளர் பொறுப்பு இராமமூர்த்தியிடம் வந்தது. பயிற்சி முடித்துத் திரும்பி ஓராண்டே ஆகியிருந்தது.

மூத்தோர் பெருந்தன்மையால் வந்த பதவி அன்று இது. அத்துறையில் மூத்தோரே இல்லாமையால் வந்தது. ஆயினும் அதை அவர்கள் பயன்படுத்திய விதமே என்னைக் கவர்ந்தது. கத்தி பிடிப்பவர்க்கு மட்டும் என்று வாயிலை அடைக்கவில்லை. நரம்பு மருத்துவர், நோய்க்குறியியலார், ஆய்வுக்கூட விஞ்ஞானி அனைவரும் ஒரே சங்கத்தில் அமர இடம் செய்தனர். விஞ்ஞான மாணவனாகிய எனக்கு, அறுவைத் திறனினும் இது பெரிதாகத் தோன்றுகிறது. 1938-இலேயே தோன்றிவிட்ட இந்திய அறுவை மருத்துவர் சங்கம் போன்ற பழைய அவைகளில் இளைஞர் ஒருவர் இத்தகைய விதியை வகுத்திருக்க முடியுமா என்பது ஐயமே. புதிய கிளைத்துறைகளில் நாற்காலி இன்றும் காலியாகவே கிடக்கிறது.

பின்னாளில் சென்னையிலேயே மூளை அறுவைக்குப் பயிற்சி வகுப்பு ஏற்படுத்தி, சீமைக்குச் செல்லாமலே பலர் கற்க வழி செய்தார். 1989-இல் உலக மூளை அறுவை மருத்துவர் மாநாடு புது தில்லியிலேயே கூடியது. 2003 டிசம்பரில் அவர் மறைந்தார்.