கப்பல் ஓட்டியவர் விற்ற புத்தகங்கள்



வீட்டுச் சாமானை விற்றுச் சாப்பிட்ட கதை நம்ம ஜனங்களுக்குப் புதுசு இல்லை. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்திலே, பித்தளைக் குடமும் கலியாணச் சேலையும் அரிசிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் கைமாறியதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகி நம் கோத்தா திங்கி நீரில் மூழ்கியபோது எத்தனையோ வீடுகள் சாமான்களை இழந்தன. வெள்ளம் கொண்டு போனதை எல்லாரிடமும் சொல்லி ஆறுதல் தேடினோம். ஆனால், பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் குத்துவிளக்கை விற்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. மானம் போய்விடும் என்று அஞ்சுகிறோம்.

அப்படி அஞ்சுகிறவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையைக் கடைசி வரைக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். சிவாஜி கணேசன் நடித்து 1961-இல் வந்த படத்தினால் கப்பலும் செக்கும் நமக்குத் தெரியும். சிறையை விட்டு வந்தபின் அவர் வாழ்ந்த ஏறக்குறைய 24 ஆண்டுகளைத்தான் பலர் அறியோம்.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. தகப்பனார் உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீலானார். தூத்துக்குடியில் நல்ல பெயரும் நல்ல வரும்படியும் இருந்தன. அந்த நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரர் கம்பெனியின் கப்பல்தான் ஓடியது. அதற்குப் போட்டியாக 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று திட்டம். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

உழைப்பாளத் தோழர்களே, இதைக் கவனியுங்கள். 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும் வார ஓய்வும் கிடைத்தன. அதே மார்ச் மாதம் 12-ஆம் நாள் வ.உ.சி. கைதானார். முதலில் விதித்த தண்டனை 40 ஆண்டு! மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தப் போட்டியாளரை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ, அவர்கள் கைக்கே கப்பல் போயிற்று. பெற்ற பிள்ளையை எதிராளி வீட்டுக்குக் கொடுத்தது போல அந்த மனம் என்ன பாடு பட்டிருக்கும், நினைச்சுப் பாருங்க!

1912 டிசம்பரில் விடுதலை. வாசலில் வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சொத்தும் கரைந்துவிட்டது. மனைவி மீனாட்சியம்மாளோடும் குழந்தைகளோடும் சென்னைக்குப் போய்ச் சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். ஒன்றும் கை கொடுக்கவில்லை. அப்போது உதவியவர்களில் கடல் கடந்த தமிழர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் உழைத்துப் பிழைத்த நம்மவர்கள் அவருக்காகச் சேர்த்த பணம் காந்தியடிகள் வழியாக வந்தது. பல கடிதங்கள் எழுதியபின், 1916-இல் அவர் கைக்குக் கிடைத்தது 347 ரூபாய் 12 அணா.

இத்தனை கஷ்டத்திலும் தமிழை விடவில்லை. 1914-இல் மெய்யறம் என்ற நூலை வெளியிட்டார். 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆட்சியை எதிர்த்தவர், அந்த நாட்டு மனிதர் ஒருவர் செய்த நன்மையை மறக்கவில்லை.

கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீல் தொழில் பார்த்தார். ஆனால் முன்போல வரும்படி இல்லை, கடன் ஏறிற்று. 1930-களில், அன்றாடச் செலவுக்கு, தம்முடைய சட்டப் புத்தகங்களையே விற்கும் நிலை வந்தது. வக்கீலுக்குச் சட்டப் புத்தகம் என்றால் பால் வெட்டுகிறவருக்குக் கத்தி மாதிரி. தொழிலுக்கு ஆயுதமும் அதுதான், வாழ்ந்த வாழ்வின் ஞாபகமும் அதுதான். அதையும் கொடுத்துத்தான் வீட்டில் உலை வைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார். கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய சில்லறைப் பாக்கியைக் கூட உயிலில் மறக்காமல் எழுதி வைத்தார். கையில் காசில்லாதவர், கணக்கில் நாணயம் தவறவில்லை.

பெற்றோர்களே! புத்தகத்தை விற்றதால் வ.உ.சி.யின் பெருமை ஒரு குன்றிமணி அளவாவது குறைந்ததா? 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் இழுத்த செக்கைச் சென்னை கிண்டியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே, வயிற்றுக்காகவும் பிள்ளையின் படிப்புக்காகவும் ஒரு பொருளை விற்க நேர்ந்தால் தலை குனிய வேண்டாம். எதை விற்றோம், எதற்கு விற்றோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கடன் பாக்கியையும் மறைக்க வேண்டாம்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையில் சிலர் பரிசாகப் புத்தகம் வாங்குவீர்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: என் படிப்புக்காக இந்த வீட்டை விட்டுப் போன சாமான் எது? அவர் சொல்வதை அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.