ஒரு காசுகூட மிஸ் ஆகலை!

1933-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார். மக்கள் கையில் இருக்கும் தங்கத்தை அரசிடம் ஒப்படைச்சிடணும். அரிய பழங்காசுகளுக்கு விலக்கு உண்டு. பால்டிமோர் பேங்க்கர் லூயிஸ் எலியாஸ்பெர்க் அந்த இடுக்கு வழியாகத்தான் தங்கக்காசு உலகத்துக்குள் நுழைந்தார். தங்கமும் வேணும், சட்டத்தையும் மீறக்கூடாது. பேங்க்கர் மூளை!

1942-ல் கிளாப் குடும்பத்தின் சேகரிப்பை மொத்தமாக 1,00,000 டாலருக்கு வாங்கினார். அப்புறம் விடுபட்டதைத் தேடும் வேட்டைதான். அதில் பெரிய மீன், 1822-ம் ஆண்டின் 5 டாலர் தங்கக்காசு. கணக்குப்படி அச்சடித்தது 17,796. இப்போது இருப்பதோ மூன்றே மூன்று! மற்றதெல்லாம்? காசின் மதிப்பைவிட அதிலிருந்த தங்கத்தின் விலை ஏறியதால், உருக்கிட்டாங்க. மிஞ்சியதில் இரண்டு ஸ்மித்சோனியன் மியூசியத்தில். மூன்றாவதை எலியாஸ்பெர்க் பிடித்துவிட்டார்.

1950-ல் செட் முழுமையானது. அமெரிக்க நாணயச்சாலைகள் வெளியிட்டதில், அன்று தெரிந்தவரை எந்த வருஷமும், எந்தச் சாலையின் முத்திரையும் பாக்கியில்லை. அவருக்கு முன்னால் யாரும் இதைச் செய்ததில்லை.

கையைவிட்டுப் போன காசும் உண்டு. 1933-ம் ஆண்டின் 20 டாலர் தங்கக்காசு ஒன்றை வைத்திருந்தார். அது புழக்கத்துக்கே வராத காசு, வெளியே இருப்பதெல்லாம் திருட்டு என்றது அரசு. மனுஷன் தானாகவே கொடுத்துவிட்டார். பித்துப்பிடித்த சேகரிப்பாளருக்கு இதைவிடக் கஷ்டம் என்ன இருக்கு?

1976-ல் மறைந்தார். அந்த 1822 காசு 1982 ஏலத்தில் 6,87,500 டாலருக்குப் போனது. 2021-ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது, 84 லட்சம் டாலர்.