மரியம் திரேசியா மறைத்த காயங்கள்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தபோது, திருமலைத் துறைமுகத்தில் இயந்திரம் திருத்தும் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: ஆண்டவரின் ஐந்து காயங்கள் சில புனிதர்களின் உடலில் தோன்றியதாகச் சொல்கிறோமே, அதை விஞ்ஞானம் பரிசோதித்து உறுதிப்படுத்த முடியுமா? நல்ல கேள்வி. கோவில் வாசலில் நின்று பதில் சொல்லி முடிகிற கேள்வியல்ல என்பதால், கடலுக்கு அப்பால் கேரளத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை இங்கே எழுதுகிறேன்.

திருச்சூருக்குத் தெற்கே புத்தன்சிரா என்னும் ஊரில் 1876 ஏப்ரல் 26 அன்று திரேசியா பிறந்தார். சிரமேல் மங்கிடியான் குடும்பம் ஒரு காலத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்தது. பாட்டனார் தம் ஏழு பெண்மக்களுக்கும் சீதனம் கொடுத்துக் கொடுத்தே எல்லாம் கரைந்தது. (நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார், படிப்பும் அத்தோடு நின்றது. பின்னர் மூன்று தோழியரைச் சேர்த்துக்கொண்டு, ஆண் துணையின்றி வீடு வீடாகச் சென்று, அம்மை கண்டவர்களையும் குஷ்டரோகிகளையும் பராமரித்தார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் இப்படித் தெருவில் இறங்குவதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

பேச்சுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. காட்சிகள் காண்பார், செபத்தில் தன்னை மறந்து பரவசமாவார். திருச்சூர் ஆயர் ஜான் மேனாச்சேரி இதை உடனே நம்பிவிடவில்லை. பேய் பிடித்ததோ என்று ஐயுற்று, பங்குத் தந்தை ஜோசப் விதயத்திலை அழைத்துப் பேயோட்டும் செபங்களைச் சொல்லப் பணித்தார். 1902 முதல் 1905 வரை பலமுறை அது நடந்தது. இன்றானால் ஒருவேளை மனநல வைத்தியரிடம் அனுப்பியிருப்போம். திரேசியா முணுமுணுக்காமல் கீழ்ப்படிந்தார். 1904இல் மரியன்னையின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

அவர் உடலில் ஐந்து காயங்களும் தோன்றின என்பது அவரை அறிந்தவர்களின் சாட்சியம். ஆனால் அவற்றை ஊருக்குக் காட்டாமல் கவனமாக மறைத்தார். ஆகவே அந்த இளைஞரின் கேள்விக்கு இங்கே வசதியான பதில் கிடைக்காது. நம் கையில் இருப்பவை, முக்கியமாக, ஆன்மகுரு விதயத்திலின் குறிப்புகளும் உடன் இருந்தோரின் வாய்மொழியும்தான்.

சரி, காயங்களை வைத்தியர்களிடம் காட்டியிருந்தால்? இத்தாலியில் பாத்ரே பியோ அடிகளாருக்கு அது நடந்தது. 1918 செப்டம்பர் 20 அன்று தோன்றிய காயங்களை, அடுத்த ஆண்டு ரொமனெல்லி, பிக்னாமி, ஃபெஸ்தா என்ற மூன்று வைத்தியர்கள் தனித்தனியே சோதித்தார்கள். ரொமனெல்லியும் ஃபெஸ்தாவும் இயற்கைக் காரணம் காணவில்லை. ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிக்னாமியோ மனத்தின் தாக்கமும் அயடின் போன்ற மருந்துப் பூச்சும் காரணமாகலாம் என்றார். பார்த்தது ஒரே கைகள்! 1930களில் லெக்லர் என்ற ஜெர்மானிய வைத்தியர், ஒரு நோயாளிப் பெண்ணை மனவசியத்துக்கு உட்படுத்தி இத்தகைய காயங்களை வரவழைத்ததாக எழுதினார். காயம் உண்டா, எவ்வளவு ஆழம், கட்டி முத்திரையிட்டால் ஆறுகிறதா, யாரேனும் கீறினார்களா என்பவற்றை விஞ்ஞானம் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். இயற்கைக் காரணம் தெரியவில்லை என்று வைத்தியர் எழுதலாம். அனுப்பியவர் ஆண்டவர் என்று எழுத அவரிடம் கருவி இல்லை.

திருச்சபை 1923இல் பாத்ரே பியோவின் காயங்களைப் பற்றி, அவை இயற்கைக்கு மேற்பட்டவை என நிறுவப்படவில்லை என்றே அறிவித்தது. 2002இல் அவரைப் புனிதராக உயர்த்தியபோதும் அந்த அறிவிப்புக்கு எதிராகக் காயங்களைச் சான்றாக வைக்கவில்லை.

மரியம் திரேசியாவின் வழக்கிலும் அப்படியே. வைத்தியர்கள் பார்த்தது அவர் கைகளை அல்ல, ஒரு சிறுவனின் பாதங்களை. 1956இல் இரு பாதங்களும் வளைந்து பிறந்த பிள்ளை. பதினான்கு வயதுவரை கோணல் நடைதான். குடும்பத்தார் 33 நாள் நோன்பிருந்து அவரிடம் மன்றாடினர். 1970 ஆகஸ்ட்டில் ஓர் இரவில் வலது பாதமும், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இடது பாதமும் நேராயின. இந்தியாவிலும் இத்தாலியிலும் ஒன்பது வைத்தியர்கள் ஆராய்ந்து, மருத்துவத்தால் விளக்க முடியவில்லை என்றனர். 2000 ஏப்ரல் 9 அன்று அவர் முத்திப்பேறு பெற்றவரானார். 2009இல் ஒரு பச்சிளங்குழந்தை மூச்சுத்திணறலிலிருந்து பிழைத்தது இரண்டாம் புதுமையாக ஏற்கப்பட்டு, 2019 அக்டோபர் 13 அன்று புனிதையானார்.

அவர் வாழ்வின் பெரும் பகுதி காயங்களோடு தொடர்பில்லாதது. 1914 மே 14 அன்று திருக்குடும்பக் கன்னியர் சபையைத் தொடங்கினார். (நம் பள்ளிகளில் நாம் அறிந்த திருக்குடும்பக் கன்னியர் பிரான்சில் தோன்றிய வேறு சபையினர்.) பன்னிரண்டு ஆண்டுகளில் 55 கன்னியர், மூன்று மடங்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஓர் அநாதை இல்லம்.

முடிவில் அவர் உயிரைக் கொண்டுபோனதும் ஒரு காயமே. ஏதோ ஒரு பொருள் விழுந்து காலில் ஏற்பட்ட புண். அவருக்குச் சீனி வியாதி இருந்தது, புண் ஆறவில்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1926 ஜூன் 8 அன்று, ஐம்பதாவது வயதில், குழிக்காட்டுசேரி மடத்தில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.